மணலில்லாத தொட்டிக்கு ஓர் உளுவை

போன கிழமை சஹ்ராவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கடையில் கடல்மீன் பகுதி இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது.

"அங்கிள், மணலே போடாத தொட்டி. வெறும் கண்ணாடித் தரை. கஸ்டமர் கோபிதான் வேணுமெண்டு ஒரே பிடியா நிக்கிறார். எதக் குடுக்கிற? சுருக்கமாச் சொல்லுங்க."

சுருக்கமாகவாம்! நான் அப்போது போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை அப்படியே போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதிவுகள் போய்க்கொண்டே இருந்தன. நான்காவது பதிவின் நடுவில் அவளிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வந்து விழுந்தது: 'அங்கிள், கடையில ஆள் நிறைய. எழுதித் தாங்களேன்.' என் மனைவி போஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதோ, எழுதுகிறேன். கோபி என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு வாய் ஓயாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோபியைத் தமிழில் உளுவை என்போம். விரல் நீளம், மிஞ்சினால் கையளவு. மற்ற மீன்கள் நீந்தப் பிறந்தவை என்றால் இது உட்காரப் பிறந்தது. ஓரிடத்தில் உட்காரும், சுற்றிலும் பார்க்கும், ஒரு துள்ளு துள்ளும், மறுபடி உட்காரும். தலையின் உச்சியில் இரண்டு உருண்டைக் கண்களை வைத்துக்கொண்டு, நம்மை விசாரிக்க வந்த அதிகாரி மாதிரி முறைக்கும். ஒரு தடவை அந்தப் பார்வையில் மாட்டியவன் தப்பமாட்டான்.

கண்டி மலையில் கடல்மீனுக்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் கிடையாது. என் அப்பாவே கேட்டார். அவர் மாநகரசபையில் குழாய் திருத்துகிறவர். எனக்குக் குழாய் பூட்டத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அலங்கார மீன் கடையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு வருஷம் நன்னீர் மீன்களோடு போனது. பிறகு முதலாளி கடல்மீன் பகுதி திறந்தார். நீலப் பீப்பாய்களை லொறியில் ஏற்றிக்கொண்டு கடல்நீர் எடுக்கப் போன அன்றுதான் நான் முதன்முதலில் கடலைப் பார்த்தேன். வயது இருபத்தாறு! இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "டேய், நெசமாவே உப்பு!" என்று கத்தினேன். லொறிச் சாரதி சிரித்து முடிக்க, திரும்பி வரும் வழியில் கடுகண்ணாவை ஏற்றம் வரை ஆயிற்று. அதற்குப் பின் வந்த நாலைந்து வருஷத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அதை மீன்கள் எழுதியிருந்தால் நான் கம்பி எண்ணிக்கொண்டிருப்பேன்.

தர்ஷினி மிஸ் வந்து சேர்ந்த பிறகுதான் நான் வேலை கற்றேன். யாழ்ப்பாணத்துக்காரர், விலங்கியல் படித்தவர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். எனக்கு மேலே அவரைப் பொறுப்பாகப் போட்டார்கள். இரண்டு நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியோடு வந்தார்.

"கணேசண்ணை, இந்தத் தொட்டிகளை எல்லாம் செங்கல்லுக்கு மேல தூக்கி வைப்பமோ? எனக்கு மீன்ர வயித்தைப் பாக்க வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தூக்கி வைத்தேன். அவர் குந்தி இருந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டியின் அடியில் நீட்டி, டோர்ச் அடித்து, "இப்ப வாங்கோ" என்றார். நானும் குந்தினேன். தொட்டித் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு மஞ்சள் கோபியின் வயிறு கண்ணாடியில் தெரிந்தது. நெஞ்சுக்குக் கீழே இரண்டு துடுப்புகளும் ஒன்றாகச் சேர்ந்து, சின்னஞ்சிறு கிண்ணமாக, தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. எத்தனை வருஷமாக அந்த மீனை விற்றிருக்கிறேன்! ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. அடுத்த தொட்டியில் மணல் அரிக்கும் உளுவை கிடந்தது. அதன் வயிற்றில் கிண்ணமே கிடையாது. துடுப்புகள் தனித்தனியாக விரிந்து கிடந்தன.

"இந்தக் கிண்ணம் இருக்கிறது சுவரிலயும் இருக்கும், கல்லிலயும் இருக்கும். அதுக்குத் தரை என்னவெண்டு பெரிய கவலை இல்லை" என்றார் மிஸ். "ஆனா கிண்ணத்தை மட்டும் நம்பிப் போடாதேங்கோ. பசிச்சா எங்க தேடுது, பயந்தா எங்க ஓடுது எண்டும் பாக்க வேணும்."

மணலில்லாத தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுக்கும் வித்தை முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில் என் கைக்கு வந்துவிட்டது. நான் உற்சாகத்தில் கடையிலிருந்த எல்லா உளுவைகளின் வயிற்றையும் பார்த்துவிட்டுத்தான் அன்று சாப்பிடப் போனேன். முழங்கால் இரண்டும் இரண்டு நாள் வலித்தன.

அதன்பிறகு மிஸ் ஒரு நடைமுறை கொண்டுவந்தார். வெறுந்தரைத் தொட்டிக்குப் போகும் எந்தக் கோபியும் முதலில் எங்கள் கடையில் வெறுங்கண்ணாடித் தொட்டியில் மூன்று நாள் இருக்க வேண்டும். கல் இரண்டு, பம்ப் ஒன்று, வேறொன்றுமில்லை. உணவைத் தரையில் போடாமல், மெல்லிய குழாயால் கல்லின் மேலும் சுவர் ஓரத்திலும் விட வேண்டும். மூன்று நாளும் அங்கிருந்து எடுத்துத் தின்றால் போகலாம். தொட்டியின் வெளிப்பக்கத்தில் மெழுகுப் பென்சிலால் ஒரு நாளுக்கு ஒரு கோடு போடுவார். கோடு மூன்று இல்லாமல் மீனைப் பையில் போட்டால் அவர் திட்டமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "என்னத்துக்கு அவசரம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம்.

நடைமுறையின் அருமை எங்களுக்கு ஒரு ஹோட்டலில் தெரிந்தது. அங்கே வெறுந்தரைத் தொட்டிக்கு, மூன்று கோடும் விழாத காவல் உளுவை ஒன்றை, எங்கள் முதலாளியின் வற்புறுத்தலால் கொடுத்துவிட்டோம். காவல் உளுவை மணலில் வளை தோண்டும் இறாலோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிற மீன். பயந்தால் அதற்கு ஒரு வளை வேண்டும். வளை இல்லையே! மறுநாள் ஹோட்டலிலிருந்து போன். "உங்க மீன் பம்புக்குள்ள போய்க் குடியிருக்கு. வெளிய வர மாட்டேங்குது." பம்பைக் கழற்றி, மீனுக்குக் கீறல் படாமல் எடுக்க எனக்கு அரைநாள் பிடித்தது. முதலாளி அதன் பிறகு மெழுகுப் பென்சில் கோட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இவ்வளவு தெரிந்த நான்தான், என் வேலைக் காலத்தின் மிகப் பெரிய பிழையைச் செய்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் நடராஜா முதலாளி என்று ஒருவர். ஹார்ட்வெயார் கடை வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்டவர். அவர் மனைவி லீலாம்மா எங்களுடைய பழைய வாடிக்கையாளர். தொட்டி, மீன், பவளம் எல்லாம் லீலாம்மாவின் ராஜ்யம். நடராஜா முதலாளிக்கு அதில் ஒரு சொட்டுத் தண்ணீரின் அதிகாரமும் கிடையாது. அந்தத் தொட்டியில் முன்பு செம்புள்ளி போட்ட மணல் அரிக்கும் உளுவை ஒன்று வெகுகாலம் வாழ்ந்தது. வாய் நிறைய மணலை அள்ளும், மென்று, செவுள் வழியாகக் கொட்டும், மறுபடி அள்ளும். லீலாம்மா அதற்கு, கொத்தனாரைக் கூப்பிடுகிற மாதிரி, 'மேசன் பாஸ்' என்று பெயர் வைத்திருந்தார். "கணேசு, எங்க மேசன் பாஸ் இன்னைக்கி ஒரு மூலையையே கட்டி முடிச்சிட்டாரு!" என்று போன் போட்டுச் சொல்வார்.

அந்த லீலாம்மாவுக்கு வாதம் அடித்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு இருந்தது, நினைவு இருந்தது. ஆனால் இன்னொன்று போய்விட்டது. அதை நான் என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். அவருக்கு இடப்பக்கம் என்பதே இல்லாமல் போய்விட்டது. கண் பழுதில்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தட்டில் சோறு வைத்தால் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்பார். இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும்.

பயிற்சி கொடுக்க வந்த ஃபிசியோ நோனா, அந்த அம்மையார், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடப்பக்கம் திரும்பப் பழகாவிட்டால் எழுந்து நடந்தாலும் கதவில் மோதி விழுவார். அவருக்குப் பிரியமானதை எல்லாம் இடப்பக்கம் வைக்க வேண்டும். கணவர் இடப்பக்கத்திலேயே உட்கார்ந்து கூப்பிட வேண்டும். நடராஜா முதலாளி சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். கட்டிலின் இடப்பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர், காலையிலிருந்து பொழுது சாயும்வரை அங்கேயேதான் இருந்தார்.

லீலாம்மா அவரைக் காணவில்லை!

"லீலா" என்று அவர் இடப்பக்கமிருந்து கூப்பிடுவார். லீலாம்மா வலப்பக்கம் திரும்பி, கதவைப் பார்த்து, "கொரல் மட்டும் கேக்குது, ஆளக் காணோமே. கடைக்கிப் போயிட்டாரா? நான் விழுந்ததுலேர்ந்து என்ன வந்து பாக்கவே இல்ல" என்பார். பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு! ஒருநாள் தாங்கமாட்டாமல் முதலாளி வலப்பக்கம் போய் நின்றிருக்கிறார். லீலாம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அடுத்த இரண்டு நாளும் இடப்பக்கம் பார்க்கும் பயிற்சிக்கே இணங்கவில்லையாம். ஃபிசியோ நோனா கோபித்துக்கொண்டார். முதலாளி மறுபடியும் இடப்பக்கக் கதிரைக்கே வந்துவிட்டார்.

அப்போதுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். ஹோலில் இருந்த தொட்டியைப் படுக்கை அறைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய தொட்டியை நகர்த்தும்போது மணலைக் கிளறினால் அடியில் அடங்கிக் கிடந்த நஞ்செல்லாம் மேலே வந்து மீன்களைக் கொன்றுவிடும். மேலே வெள்ளை மணல், கீழே கரிய சேறு, கூழ்முட்டை வாடை. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டோம். புதிய மணல் போடவும் இல்லை. பவளங்களுக்காக அதில் வலிய பம்ப் ஓடியது, மணல் பறக்கும். வெறும் தரை என்றால் முதலாளியே துடைத்துக்கொள்ளலாம். நாலடித் தொட்டியைக் கட்டிலுக்குக் குறுக்குச் சாய்வாக வைத்தோம். வலது முனை லீலாம்மாவின் கண்ணுக்கு நேரே, இடது முனை அவருடைய இடத் தோளுக்கும் அப்பால். அந்த முனைக்குப் பக்கத்தில் முதலாளியின் கதிரை.

நீந்துகிற நீல மீன்கள் உதவவில்லை. வலது முனையில் வந்தால் லீலாம்மா பார்ப்பார். சர்ரென்று இடப்பக்கம் போனால் அவரைப் பொறுத்தவரை மீன் மறைந்துவிட்டது. பார்வை அதைத் துரத்தவில்லை. அதைக் கவனித்த தர்ஷினி மிஸ்தான், "உளுவை எண்டா இருந்து இருந்து போகும். கண் பிடிச்சுக்கொண்டு போகலாம். யோசிப்பம்" என்றார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போய்விட்டார்.

எனக்கு யோசிக்கவெல்லாம் நேரமில்லை! லீலாம்மாவுக்கு எது பிரியம் என்று எனக்குத் தெரியாதா? மேசன் பாஸ்! கடையில் அதே செம்புள்ளி உளுவை, கொழுகொழு என்று ஒன்று இருந்தது. மூன்று கோடு இல்லை, வெறுந்தரைச் சோதனை இல்லை. வயிற்றில் கிண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பார்த்த மாத்திரத்தில் லீலாம்மா அதன் பின்னாலேயே போவார் என்ற நினைப்பு என் கண்ணை மறைத்துவிட்டது. ரெஜிஃபோம் என்கிற வெள்ளைத் தக்கைப் பெட்டியில் வைத்து, த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் அமர்க்களம். "மேசன் பாஸ் வந்துட்டாரு!" என்று லீலாம்மா கத்தினார். முதலாளி எனக்குக் கைகொடுத்தார். மீன் தரையைக் கொத்தியது, வாயை அசைத்தது, செவுளை விரித்தது, மறுபடி கொத்தியது. நான் தினமும் போய்ப் பார்த்து, பதிவுக் கொப்பியில் 'நன்றாகச் சாப்பிடுகிறது' என்று எழுதினேன். ஒரு நாளல்ல, ஏழு நாள் எழுதினேன்! நாலாம் நாளிலிருந்து அது பம்பின் வேகத்துக்குப் பயந்து கல்லுக்குப் பின்னால் ஒதுங்க ஆரம்பித்தது. லீலாம்மா மறுபடியும் வலப்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் மிஸ் வந்தார். கொப்பியைப் படித்தார். நான் எடுத்து வைத்திருந்த வீடியோவைப் போனில் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கணேசண்ணை, இது சாப்பிடுதோ, வாயை ஆட்டுதோ?"

"சாப்பிடுது மிஸ். நானே பாத்தேன். மென்னு மென்னு துப்புது பாருங்க."

"என்னத்தைத் துப்புது?"

நான் வீடியோவைப் பார்த்தேன். கீழே மணல் இல்லை. செவுளிலிருந்து எதுவும் கொட்டவில்லை. பிறந்ததிலிருந்து செய்து பழகியதை அந்த மீன் வெறுங்கண்ணாடியில் செய்துகொண்டிருந்தது. வெறும் தண்ணீரை அள்ளி, வெறும் தண்ணீரை மென்றிருக்கிறது. இத்தனை வருஷ அனுபவசாலி அதைச் சாப்பாடு என்று ஏழு நாள் எழுதியிருக்கிறான்.

"பக்கத்தில இருந்து பாத்தனீங்கள். மேலயிருந்து பாத்தனீங்களோ?" என்றார் மிஸ்.

உடனே அம்பிட்டியவுக்குப் போனோம். தொட்டியின் மேலிருந்து குனிந்து பார்த்தேன். தலை மட்டும் பெரிதாக, தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கிப்போய் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மீனைப் பிடித்துப் பையில் போட்டேன். முதலாளி கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையும் கொண்டு போறீங்களா?" என்றார். "சரி. நானும் அந்தப் பக்கமே போய் உக்காந்துர்றேன் மிஸ். அவ திரும்பாட்டிப் போகட்டும். நான் அவள விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சிக்கிட்டே இருக்காளே. அத என்னால தாங்க முடியல்ல."

தர்ஷினி மிஸ், "ஐயா, மூண்டு கிழமை தாங்கோ" என்றார். இருபத்தொரு நாள், அதற்குமேல் ஒரு நாளும் கேட்கமாட்டேன் என்றும் சொன்னார். முதலாளி தலையாட்டினார். மிஸ் புறப்படுமுன் ஒரு காரியம் செய்தார். லீலாம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் நின்று, அவர் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் பிடித்து அளந்துகொண்டார்.

செம்புள்ளி உளுவையை மணல் தொட்டியில் விட்டு, நாளுக்கு மூன்று வேளை ஊட்டித் தேற்றினேன். பிழைத்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், என் வாழ்நாளின் மிக உற்சாகமான மூன்று கிழமை! மிஸ் கடையில் அதே மாதிரி ஒரு நாலடித் தொட்டியை வெறுந்தரையாகப் போட்டு, அதே பம்பை ஓடவிட்டார். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் பலகை போட்டார்.

"கணேசண்ணை, படுங்கோ."

"எங்க மிஸ்?"

"பலகையில. நீங்கள்தான் லீலாம்மா. இடப்பக்கம் பாக்கக் கூடாது."

வாடிக்கையாளர்கள் வந்து போகிற கடையில் நான் மல்லாந்து கிடந்தேன். என் கண் சரியாக லீலாம்மாவின் கண் உயரத்தில், தொட்டித் தரையிலிருந்து ஒரு சாண் மேலே இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு உளுவையாக விட்டுப் பார்த்தோம். மஞ்சள் கோபி வயிற்றில் கிண்ணம் உள்ளது, வெறுந்தரையைப் பற்றிக் கவலைப்படாதது, நன்றாகத் தின்றது. ஆனால் பவளக் கிளையில் ஒருதரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், அசையாது. மணலில்லாத தொட்டி வைத்திருக்கும் வேறு யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம், லீலாம்மாவுக்கு ஆகாது. நெருப்பு வால் மீன் என்று ஒன்று, உளுவைக்கு உறவு, தரையே தேவையில்லை, அந்தரத்தில் மிதக்கும். பயந்தால் தொட்டியை விட்டே பாய்ந்துவிடும். பாய்ந்தது. என் நெஞ்சில்தான் விழுந்தது.

கடைசியில் கொழும்பில் மீன் குஞ்சு பொரிக்க வைக்கிற ஒருவரிடமிருந்து நியோன் கோபி ஒன்றை வரவழைத்தார் மிஸ். சுண்டுவிரல் நீளம். கறுப்பு உடம்பில் மூக்கிலிருந்து வால் வரை ஒரே நீலக் கோடு, அறையின் அடுத்த மூலையிலிருந்து பார்த்தாலும் மின்னும். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தேன்: அடடா, என்ன அழகான கிண்ணம்! பம்ப் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அசராமல் இருந்தது. குழாயிலிருந்து விட்ட இறால் துணுக்குகளைப் பறந்து வந்து பிடித்தது. பயந்தால் கல்லுக்கு ஓடியது, ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தது. மூன்று நாள், மூன்று கோடு. மூன்றாவது கோட்டை என்னையே போடச் சொன்னார் மிஸ்.

அதோடு விடவில்லை. தொட்டிக்கு வெளியே வலமிருந்து இடமாகச் சாண் சாணாக மெழுகுப் பென்சிலால் ஐந்து அடையாளம் வைத்தார். உணவை முதல் சாணில் கொஞ்சம், அடுத்த சாணில் கொஞ்சம் என்று ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் விட்டோம். நாலு நாளில் அந்தச் சுட்டி புரிந்துகொண்டது. குழாயைக் கண்டதும் வலது முனையில் வந்து ஒட்டும். தின்னும். ஒரு துள்ளு, அடுத்த சாண். நின்று என்னை முறைக்கும். தின்னும். இன்னொரு துள்ளு. பலகையில் படுத்துக்கொண்டு நான் கைதட்டினேன்.

அம்பிட்டிய வீட்டில் முதல் இரண்டு நாள் அது கல்லை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் முதல் சாணுக்கு வந்தது. "யாரு இது, நீலக் கோடு போட்டுக்கிட்டு?" என்றார் லீலாம்மா. நாலாம் நாள் இரண்டாம் சாண்வரை அவர் கண் வந்தது. அங்கே நின்றுவிட்டது. மீன் மூன்றாம் சாணுக்குத் துள்ளியபோது, "போயிருச்சு" என்றார். மிஸ் என்னிடம் குழாயைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். மீன் இரண்டாம் சாணுக்கே திரும்பி வந்தது. "வந்துருச்சு!" மறுநாள் அரைச் சாண் தள்ளி விட்டோம். அதற்கடுத்த நாள் இன்னும் அரைச் சாண். முதலாளி தன் கதிரையில் அசையாமல் இருந்தார். மிஸ் கேட்ட மூன்று கிழமையில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

அன்று காலை பத்து மணி இருக்கும். நான் தொட்டிக்குப் பின்னால் குழாயோடு நின்றேன். முதல் சாணில் மீன் ஒட்டியது. லீலாம்மா பார்த்தார். இரண்டாம் சாண். "ம்" என்றார். மூன்றாம் சாண். தலை தலையணையில் மெல்லப் புரண்டது. நாலாம் சாணில் மீன் நின்று, வழக்கம்போல் எல்லோரையும் முறைத்தது. "என்னடா அப்பிடிப் பாக்குற?" என்று கேட்டுச் சிரித்தார் லீலாம்மா. அந்தத் தூரத்துக்கு அவர் கண் வந்ததை அதுவரை யாரும் கண்டதில்லை. மிஸ் என் தோளைத் தொட்டார். நான் கடைசிச் சாணில் குழாயை வைத்தேன். ஒரு துள்ளு!

லீலாம்மாவின் முகம் முழுவதுமாக இடப்பக்கம் திரும்பியது. மீனைப் பார்த்தார். மீனுக்கு அப்பால், கண்ணாடிக்கு அப்பால், கதிரையில் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"நீங்க எப்ப வந்தீங்க?" என்றார்.

ஆறு கிழமையாக அந்தக் கதிரையே கதியென்று இருந்த மனிதர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். "இப்பதான் லீலா" என்றார். "இப்பதான் வந்தேன்."

"தூரமா உக்காந்திருக்கீங்களே. கதிரைய இந்தப் பக்கம் தூக்கிப் போடுங்க." வலது கையால் வலப்பக்கத்தைக் காட்டினார்.

முதலாளி தர்ஷினி மிஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "இல்ல லீலா. நான் இங்கதான் இருப்பேன். நீ பாரு."

குழாயில் உணவு தீர்ந்திருந்தது. உளுவை ஒன்றிரண்டு தரம் கண்ணாடியில் தேடிப் பார்த்துவிட்டு, துள்ளித் துள்ளி வலது முனைக்கே திரும்பிப் போய்விட்டது. லீலாம்மா அதன் பின்னால் போகவில்லை. அவர் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.